அணுக்கழிவைப் புதைக்க முன் கிணற்றைப் பார்க்கச் சொல்லும் விதி

கூடங்குளத்தைப் பற்றிப் பேச்செழும்போது யாழ்ப்பாணத்தில் கூடவே எழும் கேள்வி: எரிந்து முடிந்த அணு எரிபொருளை எங்கே புதைப்பார்கள்? புதைக்கும் நிலத்தை எப்படிச் சோதிக்க வேண்டும் என்பதை ஐக்கிய அமெரிக்கா சட்டமாகவே எழுதி வைத்திருக்கிறது.

1982இல் அணுக்கழிவுச் சட்டம் வந்தது. 1987இல் அதைத் திருத்தி, நெவாடாவின் யக்கா மலையை மட்டும் ஆராயச் சொன்னார்கள். விதிப்படி, நிலத்துக்கு நேரக்கூடிய ஒவ்வொன்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஆண்டுக்குப் பத்துக் கோடியில் ஒன்றுக்கும் குறைவான வாய்ப்புள்ளவற்றை மட்டும் விட்டுவிடலாம். அதனால் எரிமலையைத் தள்ள முடியவில்லை. அயலிலே ஏறத்தாழ 80,000 ஆண்டுக்கு முன் கக்கிய எரிமலைக் கூம்பொன்று நிற்கிறது. 1992இல் 5.6 அளவிலான நிலநடுக்கமும் அந்தப் பக்கம் வந்தது. ஆனால் ஆழத்துச் சுரங்கம் மேல்நிலம் அளவுக்குக் குலுங்காது. உண்மையான எதிரி தண்ணீர்தான்: அது பாறை வெடிப்புகளால் இறங்கிக் கொள்கலனை அரித்து, கதிரியக்கப் பொருளை நிலத்தடி நீரில் சேர்த்துவிடும்.

அதனால்தான் விதி ஒரு கற்பனை மனிதரை வைக்கிறது. தளத்திலிருந்து சுமார் 18 கிலோமீற்றர் தள்ளி, மாசு மிகச் செறிந்த இடத்துக்கு மேலே குடியிருந்து, கிணற்று நீரில் நாளுக்கு இரண்டு லீற்றர் குடிப்பவர். முதல் 10,000 ஆண்டுக்கு அவர் பெறும் கதிர்வீச்சு ஆண்டுக்கு 15 மில்லிரெம்மை (உடல் பெறும் கதிர்வீச்சின் அலகு) தாண்டக்கூடாது. முதலில் கணக்கு அந்த 10,000 ஆண்டோடு நின்றது. உச்ச ஆபத்து அதற்குப் பிறகுதான் வரலாம் என்ற அறிவியலாளர் கருத்தை ஒதுக்கிவிட்டதாகச் சொல்லி, 2004இல் நீதிமன்றம் அதை ஏற்க மறுத்தது. 2008இல் பத்து இலட்சம் ஆண்டு வரை நீட்டி, பிற்பகுதிக்கு 100 மில்லிரெம் என்று வைத்தார்கள். பிற்காலத்தவருக்கு ஏன் ஆறு மடங்குக்கு மேல் தளர்வு என்று கேட்பது நியாயமே.

இந்தச் சோதனையில் குடாநாடு முதற்படியிலேயே விழும். நம் சுண்ணக்கல் பொந்தும் வெடிப்புமானது. மலகூடக் குழியும் உரமும் விட்ட நைத்திரேற்றே கிணறுகளில் தெரிகிறது. பாறை பழையதா, வன்மையானதா என்பதை விட அதற்குள் நீர் எப்படி ஓடுகிறது என்பதே பெரிது.

யக்கா மலைக்கான அனுமதி விண்ணப்பம் 2008இல் போனது. பின்னர் அரசியல் எதிர்ப்பால் பணம் நின்றது. அனுமதி வழங்கும் அணு ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் அலுவலர்கள் 2015இல் முடித்த மதிப்பீடு, தொழில்நுட்ப நிபந்தனைகளில் பெரும்பாலானவை நிறைவேறியதாகச் சொன்னது. ஆனால் நில உரிமையும் நீர் உரிமையும் கைக்கு வரவில்லை. அங்கே இன்னும் கழிவு எதுவும் புதைக்கப்படவில்லை.