நுரையீரல் அழுத்தம்: மருந்து எந்த வழியே போகிறது?

வால்வைத் தைத்து முடித்ததும் அறுவை சிகிச்சையே முடிந்துவிட்டதாக உறவினர்கள் நினைக்கிறார்கள். மயக்க மருந்து நிபுணனான எனக்குப் படபடப்பு அப்போதுதான் தொடங்கும். இதய-நுரையீரல் இயந்திரத்தை நிறுத்தி, வேலையை மீண்டும் இதயத்திடம் ஒப்படைக்கும் நேரம் அது.

பல ஆண்டுகள் மைட்ரல் வால்வு (இதயத்தின் இடப்பக்க மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ளது) சுருங்கிக் கிடந்தவர்களுக்கு, இதயத்திலிருந்து நுரையீரலுக்கு ரத்தம் கொண்டுபோகும் நுரையீரல் தமனியில் அழுத்தம் ஏறியிருக்கும். சராசரி 20 மி.மீ. பாதரசத்தைத் தாண்டினாலே அது நோய்தான். 50-ஐத் தொட்டவர்களும் வருகிறார்கள். மெல்லிய சுவருள்ள இதயத்தின் வலது கீழறை அதை எதிர்த்து ரத்தத்தைத் தள்ள வேண்டும். முடியாதபோது அது புடைப்பது, திறந்த மார்பில் கண்ணுக்கே தெரியும்.

நரம்பு வழியே (உண்மையில் அது சிரை) ரத்தக் குழாய்களை விரிக்கும் மில்ரினோனோ நைட்ரோகிளிசரினோ கொடுக்கலாம். ஆனால் ரத்தத்தில் கலந்த மருந்துக்கு நுரையீரல் எது, கால் எது என்று தெரியாது. உடலெங்கும் குழாய்கள் விரிந்து ரத்த அழுத்தம் சரிகிறது. வலது கீழறைக்கு ரத்தம் தரும் கரோனரி தமனி அந்த அழுத்தத்தை நம்பித்தான் இருக்கிறது. சுமையைக் குறைக்கப் போய், சுமப்பவனின் சோற்றில் மண்ணைப் போட்டதாகிவிடும்.

மூச்சு வழியே தரும் நைட்ரிக் ஆக்சைடு, நுரையீரலில் காற்று புகும் பகுதிகளின் ரத்தக் குழாய்களை மட்டும் தளர்த்துகிறது. ரத்தத்தில் கலந்த சில நொடிகளில் ஹீமோகுளோபின் அதைச் செயலிழக்கச் செய்துவிடும். பத்து லட்சத்தில் 20 பங்கு என்பது வழக்கமான அளவு.

அதுவும் குறையற்றதல்ல. விலை அதிகம். திடீரென நிறுத்தினால் நுரையீரல் அழுத்தம் எகிறும். ஒருமுறை சிலிண்டர் மாற்றும் இடைவெளியிலேயே மானிட்டரில் 38 என்றிருந்தது 55 ஆனதைப் பார்த்துக் கை சில்லிட்டது. மாற்றாக, அதேபோல் குழாய்களைத் தளர்த்தும் புராஸ்டாசைக்ளினை நுண்துளிகளாக்கித் தரலாம். அதன் கரைசல் வெண்டிலேட்டரின் வடிகட்டியை அடைத்துக்கொள்ளும், அடிக்கடி மாற்ற வேண்டும்.

உள்ளிழுக்கும் மருந்து வலது கீழறைக்குக் கைகொடுக்கிறது என்றாலும், உயிரிழப்பைக் குறைப்பதாக உறுதியாக நிரூபணமாகவில்லை. நான் பெரும்பாலும் இரண்டையும் சேர்த்தே தருகிறேன்: மூச்சில் வாயு, நரம்பில் குறைந்த அளவு மில்ரினோன், ரத்த அழுத்தம் சரியாமலிருக்க வாசோபிரெசின்.

இந்த நோய்க்காகச் சில்டெனாஃபில் (வயாகரா என்ற பெயரில் ஆண்மைக் குறைவுக்கும் தரப்படுவது) சாப்பிடுபவர்களிடம் ஒரு வேண்டுகோள். அந்த மாத்திரையின் இன்னொரு பயனை எண்ணிக் கூச்சப்பட்டுச் சிலர் அதை மறைக்கிறார்கள். சிலர் தாமாகவே நிறுத்திவிட்டு வருகிறார்கள். மறைத்தால், நான் ஏற்றும் நைட்ரோகிளிசரினோடு சேர்ந்து ரத்த அழுத்தம் பாதாளத்துக்குப் போகலாம். நிறுத்தினால், நுரையீரல் அழுத்தம் மேலும் ஏறிய நிலையில்தான் மேசைக்கு வருவீர்கள். கடைசியாக எப்போது விழுங்கினீர்கள் என்பதை, நான் கேட்க மறந்தாலும் சொல்லிவிடுங்கள்.