கோழிக்குத் தெரியாத ஏழு நாள்

இருபத்திரண்டாம் நாள் காலையில் கூடையைப் பார்த்தால் கோழி இல்லை. வாசலில் நான்கு குஞ்சுகளுக்கு மண்ணைக் கிளறிக் காட்டிக்கொண்டிருந்தது. கூடைக்குள் ஏழு வாத்து முட்டைகள், தொட்டால் இன்னும் வெதுவெதுப்பாக.

தப்பு என்னுடையதுதான். வாத்து முட்டை ஏழோடு கோழி முட்டை நாலையும் ஒரே நாளில் சேர்த்து அவயம் வைத்துவிட்டேன். மற்ற ஊர்களில் அடை வைப்பது என்பதை எங்கள் பக்கம் அவயம் வைப்பது என்போம். கோழி முட்டை பொரிய 21 நாள். வாத்து முட்டைக்கு 28. முதலில் வந்த குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு கோழி கிளம்பிவிட்டது.

"கோழிக்குக் கணக்கு இருபத்தொண்ணுதான் சாமி" என்றார் அம்மாயி, என் அம்மாவின் அம்மா.

அது பாதிதான் சரி. கோழி நாள் எண்ணுவதில்லை. அடைக்கு உட்கார வைப்பது புரோலாக்டின் என்ற ஹார்மோன். அடிவயிற்றில் முட்டைகள் பட்டுக்கொண்டே இருப்பது அந்தச் சுரப்பைத் தாழவிடாமல் வைத்திருக்கிறது. குஞ்சின் கீச்சொலியும் அசைவும் வந்ததும் சுரப்பு இறங்கி, கோழி அடைகாக்கும் வேலையை விட்டுக் குஞ்சு மேய்க்கும் வேலைக்கு மாறிவிடும். குஞ்சே வராவிட்டால் நல்ல அடைக்கோழி 28 நாளும் உட்காரும். ஆகவே கலந்து வைக்க ஆசைப்பட்டால் வாத்து முட்டையை முதலில் வைத்து, ஏழு நாள் கழித்துத்தான் கோழி முட்டையைச் சேர்க்க வேண்டும்.

வாத்து முட்டைக்கு வாத்தையே உட்கார வைக்கலாமே என்று கேட்கலாம். உட்காராது. அடையில் இருக்கும் பறவை முட்டையிடாது. நிறைய முட்டை வேண்டும் என்று தலைமுறை தலைமுறையாக மனிதர்கள் பொறுக்கியெடுத்ததில் அடை குணம் கழன்றுபோய்விட்டது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் அடேல் கேம்பல் உருவாக்கிய காக்கி கேம்பல் வாத்து, நல்ல பராமரிப்பில் ஆண்டுக்கு 300 முட்டை வரை இடும்; உட்காரச் சொன்னால் திரும்பிக்கூடப் பார்க்காது. அறுவடை முடிந்த வயலில் பட்டியாக மேயும் வாத்துகளும் முட்டையைப் போட்ட இடத்திலேயே விட்டுவிட்டு நடையைக் கட்டும். மஸ்கோவி வாத்து ஒரு விதிவிலக்கு. அது தானே அருமையாக அடைகாக்கும், ஆனால் அதன் முட்டை பொரிய 35 நாள்.

என் முட்டைகள் அப்படி வயலில் பட்டி போட்டிருந்த வாத்துக்காரரிடம் வாங்கியவை. பட்டியில் ஆண் வாத்துகளும் சேர்ந்தே மேய்வதால் பெரும்பாலும் கரு கூடியிருக்கும். நாமக்கல் பண்ணை முட்டையை வருடம் முழுக்க அடை வைத்தாலும் ஒன்றும் வராது; அங்கே சேவலே கிடையாது. இட்டு ஒரு வாரத்துக்குள் இருக்கும் முட்டையாகப் பார்த்து எடுக்க வேண்டும். சேறு ஒட்டியிருந்தால் பச்சைத் தண்ணீரில் கழுவக் கூடாது. குளிர்ந்ததும் உள்ளே இருப்பது சுருங்கும். சுருங்கினால் ஓட்டின் நுண்துளைகள் வழியே அழுக்குத் தண்ணீரையும் கிருமியையும் சேர்த்து உள்ளே இழுத்துக்கொள்ளும். காய்ந்த துணியால் துடைத்தால் போதும். ரொம்ப அழுக்கான முட்டையைப் பொரியலுக்குக் கொடுத்துவிடலாம்.

சரி, கோழி உட்கார்ந்து என்னதான் செய்கிறது? முதலில் சூடு. கோழியின் உடம்பு ஏறக்குறைய 41 டிகிரி செல்சியஸ். அடைக்கு விழுந்ததும் அடிவயிற்றில் இறகு உதிர்ந்து, அந்தத் தோலில் ரத்த ஓட்டம் கூடும். அந்த வெறும் தோல் நேரடியாக முட்டையில் படுவதால் கருவுக்குத் தேவையான 37.5 டிகிரி கிடைத்துவிடுகிறது. அப்புறம் புரட்டல். கரு மஞ்சள் கருவின் மேல்பக்கமாக மிதக்கும். முட்டை ஒரே பக்கமாகக் கிடந்தால் ஓட்டின் உட்சவ்வில் கரு ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் கோழி அலகால் முட்டையை இழுத்து இழுத்துப் புரட்டிக்கொண்டே இருக்கிறது. வாத்து முட்டை 70 கிராம் இருக்கும், நாட்டுக்கோழி முட்டையைவிட நன்றாகவே கனம். சின்னக் கோழி திணறும். நான் பென்சிலால் ஒரு பக்கம் பெருக்கல் குறி, மறுபக்கம் வட்டம் போட்டு வைத்து, புரளாததைக் கையால் புரட்டிவிட்டேன். ஒரு கோழிக்கு எட்டு, பத்து வாத்து முட்டைக்கு மேல் வைத்தால் ஓரத்து முட்டைகள் சூடில்லாமல் போய்விடும்.

கூடையில் அம்மாயி ஒரு இரும்புத் துண்டும் அடுப்புக்கரியும் போட்டார், இடி இடித்தால் கூமுட்டை ஆகிவிடக் கூடாதென்று. இரும்பு இடியைத் தடுக்காது. முட்டைக்குக் கெடுதலும் செய்யாது என்பதால் எடுக்கச் சொல்லவில்லை. அவர் சொன்ன இன்னொன்று, தண்ணீர் தெளிப்பது. அதில் முழு அறிவியல் இருக்கிறது.

ஓட்டில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள். அவற்றின் வழியே கரு ஆக்சிஜனை வாங்கி, கார்பன் டை ஆக்சைடையும் நீராவியையும் வெளியே விடுகிறது. 70 கிராம் முட்டை 25ஆம் நாளில் ஒன்பது கிராம் போல எடை குறைந்திருக்க வேண்டும். போன தண்ணீரின் இடத்தில் அகன்ற முனையில் காற்றறை பெரிதாகிறது. குஞ்சு முதல் மூச்சு விடப்போவது அந்தக் காற்றில்தான். தண்ணீர் போதுமான அளவு போகாவிட்டால் குஞ்சு ஊதி, இடமும் காற்றும் இல்லாமல் உள்ளேயே சாகும். அளவுக்கு மீறிப் போனால் சவ்வு காய்ந்து குஞ்சின் மேல் பிசின் மாதிரி ஒட்டும். தாய் வாத்து குளத்துக்குப் போய்விட்டு ஈர இறகோடு வந்து உட்காரும். கோழிக்கு ஈரமே ஆகாது. அந்த ஈரத்தை ஈடுகட்டத்தான், இரண்டு வாரம் ஆனபின் கோழி இரைக்கு எழும் நேரத்தில் வெதுவெதுப்பான தண்ணீரை விரலால் லேசாகத் தெளிப்பது.

தெளிப்பதில் இன்னொரு பலனும் உண்டு. பாதி நாள் கடந்த கரு தானே சூட்டை உண்டாக்கத் தொடங்கிவிடும். கடைசி வாரத்தில் அது சின்னக் கணப்பு. அப்போது முட்டைக்கு அவ்வப்போது குளிர்ச்சி வேண்டும்; ஓட்டில் ஆவியாகும் நீர் அதைத் தருகிறது.

இந்தச் சூட்டை வைத்தே ஒரு தொழில் நடக்கிறது. வங்கதேசத்தில் உமியால் பொரிக்கும் முறை இருக்கிறது. மூங்கில் பாயில் செய்த குதிர் போன்ற உருளைகள், சுற்றிலும் உமி, உள்ளே துணியில் கட்டிய வாத்து முட்டைகள். முதல் தொகுதிக்குத்தான் விளக்கு வைத்துச் சூடு காட்டுவார்கள். அப்புறம் வளர்ந்த முட்டைகளின் சூடே புது முட்டைகளை அடைகாக்கும். கடைசிக் கட்டத்தில் முட்டைகளைப் படுக்கையில் பரப்பி மேலே போர்வை போர்த்துவார்கள், அவ்வளவுதான். சீனாவின் பழைய பொரிப்பகங்களில் வெப்பமானிகூடக் கிடையாது. முட்டையை மூடிய கண்ணிமையில் வைத்துப் பார்த்தே சூடு சொல்லிவிடுவார்கள்.

நானும் அதையேதான் பிடித்துக்கொண்டேன். பழைய கூடையில் உமி கொட்டி, நடுவில் துணி விரித்து, ஏழு முட்டைகளையும் வைத்து மேலே கம்பளி போர்த்தினேன். ஆனால் ஆயிரம் முட்டை சேர்ந்து காக்கும் சூட்டை ஏழு முட்டை காக்காது. கூட்டம் சின்னதானால் உண்டாகும் சூட்டைவிட வெளியே போவது அதிகம். அதனால் இரண்டு பக்கமும் வெந்நீர் பாட்டில். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், ராத்திரியும்தான். ஒவ்வொரு தடவையும் ஒரு முட்டையை எடுத்துக் கண்ணிமையில் வைப்பேன். சுருக்கென்றால் கம்பளியை விலக்குவேன், குளிர்ந்தால் பாட்டில். மூன்றாம் ராத்திரி தூங்கிவிட்டேன். விடிகாலையில் எழுந்து பார்த்தபோது பாட்டில்கள் பச்சைத் தண்ணீராக இருந்தன.

இருபத்தாறாம் நாள் அம்மாயி ஒரு வட்டா நிறைய வெதுவெதுப்பான தண்ணீர் கொண்டுவந்து, முட்டைகளை ஒவ்வொன்றாக மிதக்கவிட்டார். விரிசல் விழாத முட்டையில் மட்டும் இதைச் செய்யலாம். விரிசல் இருந்தால் தண்ணீர் உள்ளே போய்க் குஞ்சு மூழ்கிவிடும். தண்ணீர் அசைவு அடங்கும்வரை காத்திருந்தோம். முதல் முட்டை சும்மா மிதந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது, யாரோ அடியிலிருந்து விரலால் சுண்டியது போலத் துள்ளி, சின்ன வளையங்களைக் கிளப்பியது. உள்ளே இருப்பது உதைக்கிறது. ஏழில் மூன்று ஆடின.

இருபத்தேழாம் நாள் சாயந்தரம் ஒரு முட்டைக்குள்ளிருந்து கீச்சொலி. அலகு சவ்வைத் துளைத்துக் காற்றறைக்குள் வந்து, நுரையீரல் முதல்முறையாக வேலை செய்கிறது என்று அர்த்தம். பிறகு அலகு நுனியில் இருக்கும் கடினமான சிறு முனையால் ஓட்டில் ஒரு விரிசல். அதன்பின் மணிக்கணக்காக ஒன்றுமே நடக்காது. இந்த நேரத்தில்தான் பலரும் பொறுமையிழந்து ஓட்டை உரிக்கப் பார்ப்பார்கள். கூடாது. சவ்வில் ஓடும் ரத்தம் குஞ்சுக்குள் திரும்பி, மிச்ச மஞ்சள் கரு வயிற்றுக்குள் இழுக்கப்படும் நேரம் அது. உரித்தால் ரத்தம் கொட்டும். அந்த மஞ்சள் கரு உள்ளே போனால்தான் பொரிந்த குஞ்சு முதல் ஒரு நாள் இரை இல்லாமல் தாங்கும். விரிசலிலிருந்து முழுக்க வெளியே வர 24 மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம்.

இரண்டு வந்தன. மூன்றாவது விரிசல் விட்டதோடு நின்றுவிட்டது.

இருட்டியதும் அம்மாயி இரண்டையும் கொண்டுபோய், தூங்கிக்கொண்டிருந்த கோழியின் இறக்கைக்கு அடியில் நழுவவிட்டார். பகலில் விட்டால் கொத்தி விரட்டலாம். ஒரு வாரக் குஞ்சு நாலும், ஒரு நாள் வாத்து இரண்டும் காலையில் ஒன்றாக வெளியே வந்தன. கோழி வழக்கம்போல மண்ணைக் கிளறியது. வாத்துக்குஞ்சுகள் திரும்பிப் பார்க்கவில்லை. குஞ்சுகள் குடிக்க வைத்திருந்த தட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டன. இந்த வயதில் பஞ்சு போன்ற மயிர் நனைந்தால் குளிரில் விறைத்துவிடும் என்று நான் ஓடிப்போய்த் தட்டு நிறையக் கூழாங்கல் போட்டேன். அலகு நனையும், உடம்பு நனையாது. கோழி தட்டைச் சுற்றிச் சுற்றி வந்து கத்திக்கொண்டிருந்தது.