ஒட்டு: கெர்னல் பேட்ச்சுக்கு உரிய தமிழ்ச் சொல்

"கெர்னலுக்கு பேட்ச் போட்டாச்சா?" லினக்ஸ் சர்வர் பார்த்துக்கொள்பவர்கள் அன்றாடம் கேட்கும் கேள்வி. கெர்னல் என்பது லினக்ஸ் இயங்குதளத்தின் மைய நிரல்; பேட்ச் என்பது அதிலுள்ள பிழையைச் சரிசெய்யும் சிறு மாற்றம். அதில் வரும் 'போடு' என்ற வினையைக் கவனியுங்கள். கிழிந்த துணிக்கு நாம் ஒட்டுப் போடுகிறோம். வினை தமிழாகவே இருக்கிறது. பெயர்தான் இன்னும் வந்து சேரவில்லை.

ஆங்கிலத்தில் பேட்ச் என்றால் கிழிசலை மூடும் துணித்துண்டு. துளையிட்ட காகித நாடாவில் நிரல் எழுதிய காலத்தில், தவறாக விழுந்த துளையின்மேல் உண்மையாகவே ஒரு துண்டை ஒட்டி அடைத்தார்கள். 1944-இல் பயன்பாட்டுக்கு வந்த ஹார்வர்டு மார்க் 1 கணினியின் நாடாவிலேயே அத்தகைய ஒட்டுகள் உண்டு. நாடா மறைந்தது, சொல் தங்கிவிட்டது. 1985-இல் லாரி வால் எழுதிய நிரலின் பெயரும் பேட்ச்தான். அது படிக்கும் கோப்பில் நீக்கவேண்டிய வரிக்கு முன் கழித்தல் குறியும் சேர்க்கவேண்டிய வரிக்கு முன் கூட்டல் குறியும் இருக்கும். மேலும் கீழும் மாறாத வரிகள் வழக்கமாக மும்மூன்று வரும். மூலநிரலில் வரி எண் நகர்ந்திருந்தாலும், அவற்றை அடையாளம் வைத்து இடத்தைக் கண்டுபிடித்துவிடும். கிழிசலைச் சுற்றியுள்ள நல்ல துணியையும் சேர்த்துப் பிடித்துத் தைக்கும் கைதான் நினைவுக்கு வருகிறது.

'திருத்தம்' என்று எழுதுவோர் உண்டு. எனக்கு அது போதவில்லை. எழுத்துப்பிழை நீக்குவதும் திருத்தம்தானே. 'ஒட்டு' என்பதில் இரண்டு பொருள் இருக்கிறது: டியூபில் பஞ்சர் ஒட்டுவது ஒன்று, மாங்கன்றில் ஒட்டுக் கட்டுவது மற்றொன்று. மூலநிரலில் சேர்ந்த பேட்ச் மாங்கன்று ஒட்டு. கம்பைல் செய்து (அதாவது மூலநிரலைக் கணினி இயக்கும் வடிவுக்கு மாற்றி) ரீபூட் செய்தபின் அது கெர்னலோடு ஒன்றாகிவிடும், தழும்பு மட்டும் நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் 'கிட்' கருவியின் வரலாற்றில் தெரியும். 2015-இல் கெர்னலின் 4.0 பதிப்போடு வந்த லைவ் பேட்ச், அதாவது ரீபூட் செய்யாமலே போடும் பேட்ச், பஞ்சர் ஒட்டு. ஓட்டையுள்ள பழைய ஃபங்ஷன் (ஒரு வேலையைச் செய்யும் நிரல்பகுதி) நினைவகத்தில் அப்படியே கிடக்கும். அதற்கு வரும் அழைப்பு மட்டும் புதியதற்குத் திருப்பப்படும். ரீபூட் செய்தால் அந்த ஒட்டு போய்விடும், மறுபடி ஏற்றவேண்டும்.

கெர்னல் என்ற சொல்லும் விதையிலிருந்து வந்ததே. பழைய ஆங்கிலத்தில் 'சிறு விதை'. கொட்டைக்குள் இருக்கும் பருப்பு என்பதே நேர்ப்பொருள். தமிழில் 'கருனி' என்கிறார்கள், பொருந்துகிறது.

அப்கிரேடை இதோடு குழப்பவேண்டாம். கெர்னல் பதிப்பு 6.6.1-இலிருந்து 6.6.2-க்குப் போவது ஒட்டுகளின் தொகுப்பு. 6.6-இலிருந்து 6.12-க்குப் போவது மேம்படுத்தல்.