பிரீவீலின் நாக்கு

யாழ்ப்பாணத்தில் சைக்கிளோடு வளர்ந்தவர்களுக்குப் பிரீவீலைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. முன்னே மிதித்தால் சில்லு சுழலும். பின்னே மிதித்தால் ‘கிர்ர்’ என்ற சத்தம் மட்டும் வரும். உள்ளே பல்லில் மாட்டிக்கொள்ளும் சிறிய நாக்கு செய்கிற வேலை அது.

ஒளியால் சுழலும் மூலக்கூறு மோட்டாரின் சூட்சுமமும் அப்படியொரு நாக்குத்தான். ஒரு மூலக்கூறை ஒளியால் அசைப்பது பெரிய வித்தை அல்ல. அசோபென்சீன் என்ற மூலக்கூறு புற ஊதாக் கதிர் பட்டால் மடங்கும், நீல ஒளியில் நிமிரும். இதை வாசிக்கும் உங்கள் விழித்திரையிலும் ரெட்டினல் என்ற மூலக்கூறு ஒளி பட்டு நிமிர்ந்துகொண்டுதான் இருக்கிறது. ஆனால் இவை மத்தைப் போன்றவை. போன பக்கமிருந்து திரும்பி வந்துவிடும். மோர் கடையலாம்; வண்டி ஓட்ட முடியாது.

ஒரே திசையில் சுழலும் ஒளி மோட்டாரை 1999இல் நெதர்லாந்தின் குரோனிங்கன் பல்கலைக்கழகத்தில் பென் பெரிங்காவின் குழு செய்துகாட்டியது. அதில் இரண்டு பாதிகள். நடுவே காபன் இரட்டைப் பிணைப்பு. பாதிகள் ஒன்றையொன்று இடிக்குமளவு பருத்தவை என்பதால் தட்டையாகக் கிடக்க இடமின்றி முறுகி நிற்கின்றன. ஒளி பட்டதும் பிணைப்பு தளர, ஒரு பாதி மறுபுறம் சுழன்று போகிறது. போன இடத்தில் நெருக்கடி இன்னும் அதிகம். சுற்றுப்புற வெப்பத்தின் உலுக்கலில் அது மற்றப் பாதியைத் தாண்டி வழுக்கி, வசதியான நிலையில் அமர்கிறது. அங்கிருந்து வந்த வழியே ஏறித் திரும்ப அந்த வெப்பத்துக்கு வலுப் போதாது. நாக்கு விழுந்துவிட்டது. மறுபடி ஒளி, மறுபடி வழுக்கல்: ஒரு முழுச் சுற்று.

முதல் மோட்டாரில் கடைசி வழுக்கலுக்கு 60 பாகை செல்சியஸ் வேண்டியிருந்தது. நமது சித்திரை வெயில்கூட உதவாது. பின்னர் வடிவத்தை மாற்றி மாற்றிச் செக்கனுக்கு 1.2 கோடிச் சுற்றுவரை கொண்டுபோனார்கள். 2016இல் வேறு இருவரோடு பெரிங்காவுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

பயன் என்ன? என்னைக் கவர்ந்தது மோட்டார் அல்ல, மடங்கி நிமிரும் அந்த எளிய மூலக்கூறுதான். 2013இல் அதே குழு அசோபென்சீனை நுண்ணுயிர்க்கொல்லி ஒன்றோடு இணைத்தது. ஒளி பட்டால் மருந்து விழிக்கும். சில மணி நேரத்தில் தானாகவே உறங்கிவிடும். நாம் விழுங்கும் மருந்தின் மிச்சம் மலக்குழி வழியாக யாழ்ப்பாணத்து நிலத்தடிச் சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்குகிறது. அதே கல்லிலிருந்துதான் கிணற்றுநீரை அள்ளுகிறோம். மருந்து உறங்கிப்போனால் அதைக் கண்டு கிருமிகள் எதிர்ப்புப் பழகும் வாய்ப்புக் குறையும் என்பது எதிர்பார்ப்பு.

இது இன்னும் ஆய்வுகூடச் சங்கதி. புற ஊதாக் கதிர் தோலைத் தாண்டி ஆழம் போகாது, கலங்களையும் கெடுக்கும். எனவே சிவப்பொளிக்கு மடங்கும் மூலக்கூறுகளைத் தேடுகிறார்கள். ஏன் சிவப்பு என்று கேட்பவர்கள், இரவில் டோர்ச்சை உள்ளங்கையால் பொத்திப் பார்க்கலாம்.