கணைய அழற்சி: நாய் பிழைக்குமா என்பதை எந்த எண் சொல்லும்?

ஓயாத வாந்தி, தொட்டால் இறுகும் வயிறு, முன்னங்கால்களை நீட்டிப் பின்புறத்தை மட்டும் தூக்கி நிற்கும் நாய். இப்படி வரும் நாய்க்கு, கொழுப்பைச் செரிக்கும் நொதியான கணைய லைபேஸ் இரத்தத்தில் லிட்டருக்கு 400 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தால் கணைய அழற்சி என்றே பெரும்பாலும் சிகிச்சையைத் தொடங்குவார்கள். அந்த எண் 1000 என்று வந்ததும் வளர்ப்பவர் கலங்கிவிடுவார். கலங்கத் தேவையில்லை. அது நோய் இருப்பதைச் சொல்லுமே தவிர, நாய் பிழைக்குமா என்பதைச் சொல்லாது.

குடலுக்குப் போய் விழித்துக்கொள்ள வேண்டிய டிரிப்சின் என்ற செரிமான நொதி கணையத்துக்குள்ளேயே விழித்துக்கொண்டு அதையே செரிக்கத் தொடங்குகிறது. அங்கே கிளம்பும் அழற்சி சிறுநீரகத்தையும் நுரையீரலையும் இரத்தம் உறையும் முறையையும் கெடுக்கும்போதுதான் உயிருக்கு ஆபத்து.

138 நாய்களை வைத்து 2019-இல் வெளியான 'கேப்ஸ்' (நாய்களின் கணைய அழற்சித் தீவிரம்) மதிப்பெண் இதைத்தான் அளக்கிறது. உடல் முழுதும் பரவிய அழற்சி, உறைதல் கோளாறு, கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) உயர்வு, அயனி கால்சியம் (இரத்தத்தில் எதோடும் ஒட்டாமல் இருக்கும் கால்சியம்) குறைவு ஆகிய நான்குக்கும் தனித்தனி மதிப்பெண். கூட்டினால் 11 அல்லது அதற்கு மேல் வந்தால் 30 நாளுக்குள் இறக்கும் அபாயம் அதிகம்.

நான்கில் ஏமாற்றுவது கால்சியம்தான். சிதறிய லைபேஸ் வயிற்றுக் கொழுப்பை உடைக்க, வெளிவரும் கொழுப்பு அமிலங்கள் கால்சியத்தைப் பிடித்துச் சோப்பாக்கிவிடுகின்றன. மொத்த கால்சியத்தை அளந்து பயனில்லை. ஆல்புமின் என்ற இரத்தப் புரதம் குறைந்தாலே அதுவும் குறையும். அயனி கால்சியத்துக்கு எடுத்த இரத்தத்தில் காற்று பட்டால் கரியமில வாயு வெளியேறி, காரத்தன்மை கூடி, அளவு பொய்யாக இறங்கும். இரத்தம் உறையாமல் வைக்கும் ஈ.டி.டி.ஏ மருந்துள்ள குழாயில் எடுத்தால் சோதனையே வீண். அந்த மருந்தே கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். உறைதல் சோதனைக்கான சிட்ரேட் குழாயும் ஏமாற்றக்கூடும்: 9 பங்கு இரத்தத்துக்கு 1 பங்கு சிட்ரேட். கோடு வரை நிரப்பாவிட்டால் நல்ல இரத்தமும் தாமதமாக உறைவதாகக் காட்டும்.

உடல் முழுதும் பரவிய அழற்சியைக் கணிக்க மூச்சு வேகத்தை எண்ணும்போது ஒன்று: வெயிலில் வண்டியேறி வந்த நாய்க்கு நோயில்லாமலே மூச்சிரைக்கும். நிழலில் அமர்ந்து அடங்கியபின் எண்ண வேண்டும்.

கிரியாட்டினினைச் சொட்டுநீர் ஏற்றுமுன் ஒரு முறை, மறுநாள் ஒரு முறை பார்க்க வேண்டும். இறங்கினால் வெறும் நீரிழப்பு. இறங்காமல், நீரிழப்பு சரியான பிறகும் 20 கிலோ நாய் மணிக்கு 20 மில்லிகூடச் சிறுநீர் கழிக்கவில்லை என்றால், சிறுநீரகம் அடிபட்டிருக்கிறது. அதே வேகத்தில் நீர் ஏற்றிக்கொண்டே போனால் அடுத்து நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும்.