‘இலக்கு சிகிச்சை’யா, குறிமருந்தா?

‘இலக்கு சிகிச்சை’ என்று இன்னொரு கையேட்டிலும் பார்த்தாயிற்று. இந்த முறை நாள்பட்ட லிம்போசைட்டிக் லுகேமியா, அதாவது டாக்டர்கள் சிஎல்எல் என்று சுருக்கிச் சொல்லும் ரத்தப் புற்றுநோய் பற்றியது. முதல்முறையாக மருந்து தொடங்கப் போகிறவர்களுக்குக் கீமோவோடு எதிர்ப்புப்புரத (ஆன்டிபாடி) ஊசியும் சேர்ந்த பழைய முறை நல்லதா, கையேடு ‘இலக்கு சிகிச்சை’ என்று எழுதும் ‘டார்கெட்டட் தெரபி’ நல்லதா என்று ஒப்பிடுகிறார்கள். விஷயம் நல்ல விஷயம். தமிழ்தான் தொண்டையில் சிக்குகிறது.

வேர்ச்சொல்லை முதலில் முடித்துவிடுவோம். டார்கெட் என்பது பழைய பிரெஞ்சில் சிறு கேடயம். அந்த வட்ட வடிவத்தால் பிறகு எய்து பழகும் பலகைக்குப் பெயராயிற்று. தெரபி கிரேக்கச் சொல். பணிவிடை என்று பொருள். அவ்வளவுதான்.

இலக்கு என்ற சொல்லுக்கு அம்பு பாயும் இடம் என்ற பொருள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் இன்று தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் பக்கத்தில் யார் காதில் அந்தப் பொருள் விழுகிறது? ஜூன் 12 மேட்டூர் திறப்புப் பேச்சு வந்ததுமே ‘குறுவைச் சாகுபடி இலக்கு இத்தனை ஏக்கர்’ என்று செய்தி வரும். அறுப்பு முடிந்தால் நெல் கொள்முதல் இலக்கு, கூட்டுறவு வங்கியில் பயிர்க்கடன் இலக்கு. இலக்கு என்றால் மேலிடம் போட்டுக் கொடுத்த கணக்கு. பெரும்பாலும் எட்டாத கணக்கு. மன்னார்குடிப் பெரியவர் ஒருவர் இந்தச் சொல்லைப் படித்துவிட்டு, “மாசம் இத்தனை பேருன்னு ஆஸ்பத்திரிக்கு டார்கெட் குடுத்திருக்காங்களா தம்பி?” என்று கேட்டார். அவரைச் சிரித்துத் தள்ள முடியாது. அவருக்குத் தெரிந்த தமிழில் சரியாகத்தான் படித்திருக்கிறார்.

சிலர் இதைச் சரிசெய்கிறேன் என்று ‘இலக்கிடப்பட்ட சிகிச்சை’ என்கிறார்கள். இது அதைவிட மோசம். தமிழ் இலக்கணப்படி இங்கே இலக்கிடப்பட்டது எது? சிகிச்சை. யாரோ சிகிச்சையைப் பார்த்துச் சுடுகிறார்கள் என்றாகிறது. ‘இலக்கு நோக்கிய சிகிச்சை’ கொஞ்சம் தேவலாம், ஆனால் அரசுத் திட்டத்தின் பெயர் மாதிரி இருக்கிறது. அப்புறம், ‘இலக்குச் சிகிச்சை’ என்று ச் போடக்கூட யாருக்கும் கை வரவில்லை. தூய தமிழ் என்பதால்தான் இலக்கைப் பிடித்துக்கொண்டிருக்கிறோம் என்பவர்களுக்கு ஒரு சேதி: சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி இதை ‘லக்ஷ்ய’ என்பதிலிருந்து வந்ததாகவே காட்டுகிறது. எனக்கு வடசொல்லோடு பகை இல்லை, சிகிச்சையும் வடசொல்தான். புரியாத சொல்லுக்குத் தூய்மையைக் காவல் வைக்காதீர்கள் என்கிறேன்.

உண்மையில் குறிவைக்கப்படுவது எது என்று பார்த்தால் சொல் தானாகக் கிடைக்கும். சிஎல்எல் கட்டியாக ஓரிடத்தில் உட்கார்ந்திருக்கும் நோய் இல்லை. ரத்தம், எலும்பு மஜ்ஜை, நெறிக்கட்டு என்று பரவிக்கிடக்கும் பி வகை வெள்ளணுக்களின் நோய். எந்த இடத்தில் ‘கரண்ட்’ (கதிர்வீச்சு) வைப்பார்கள் என்று கேட்பவர்களுக்கு முதலில் சொல்ல வேண்டியது இதுதான்: குறி உடம்பின் ஓர் இடத்தில் இல்லை, உயிரணுவுக்குள் இருக்கும் ஒரு புரதத்தில் இருக்கிறது. இப்ரூட்டினிப் என்ற மருந்து பிடிகே என்ற நொதியை மடக்கி, ‘பெருகு, பிழைத்திரு’ என்று அணுவுக்கு வரும் சமிக்ஞையை அறுக்கிறது. வெனெட்டோகிளாக்ஸ், அணுவைச் சாகவிடாமல் காக்கும் பிசிஎல்-2 புரதத்தில் போய் ஒட்டிக்கொள்கிறது. இரண்டும் வாயால் விழுங்குபவை. ஆகவே என் பரிந்துரை ‘குறிமருந்து’. விரித்துச் சொல்ல வேண்டிய இடத்தில் ‘குறிவைத்துத் தாக்கும் மருந்து’.

குறி என்றால் கோடாங்கி சொல்வது நினைவுக்கு வராதா, வேறொன்றும் நினைவுக்கு வராதா என்று கேட்பார்கள். வரட்டுமே. சங்கப் பாட்டில் இரவுக்குறி, பகற்குறி என்று காதலர் சந்திக்கும் இடத்துக்கே அந்தப் பெயர்தான், யாரும் கூச்சப்படவில்லை. மருந்து என்று பக்கத்தில் வந்துவிட்டால் குழப்பத்துக்கு இடமில்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கீமோதெரபி என்ற சொல்லை மருத்துவத்தில் நிலைநிறுத்திய ஜெர்மானியர் பால் எர்லிக்தான் ‘மாயத் தோட்டா’ என்ற கருத்தையும் தந்தவர். கிருமியை மட்டும் தேடிப்போய்த் தாக்கும் வேதிப்பொருள் என்பது அவர் கனவு. 1910இல் மேகநோய்க்கு (சிபிலிஸ்) வந்த சல்வர்சான் அதன் விளைவு. ஆக, கீமோ பிறந்ததே குறிவைக்கத்தான். இப்ரூட்டினிப்பும் ஒரு வேதிப்பொருள்தான். அதனால் ‘வேதிச் சிகிச்சைக்கு எதிர் இலக்கு சிகிச்சை’ என்று கோடு கிழிப்பது அறிவியலாகவும் நிற்காது. பழைய கூட்டுமுறையில் வரும் ரிட்டுக்சிமாப்கூட சிடி20 என்ற புரதத்தைக் குறிவைக்கும் எதிர்ப்புப்புரதம். அதைப் போய் ‘நோய் எதிர்ப்புச் சக்தி சிகிச்சை’ என்று எழுதிவைத்தால், கபசுரக் குடிநீர் மாதிரி தெம்பு கூட்டுவது என்று வீட்டில் நினைத்துக்கொள்கிறார்கள். ரிட்டுக்சிமாப்போ நல்ல பி அணுக்களையும் சேர்த்தே அழிக்கும். குறிமருந்தும் குறி தவறாதது இல்லை: இப்ரூட்டினிப் சிலருக்கு இதயத் துடிப்பைத் தாறுமாறாக்கும், ரத்தக்கசிவு உண்டாக்கும்.

சொல் சரியாக இருக்க வேண்டும் என்று நான் அடம்பிடிப்பதற்குக் காரணம், முடிவுகள் அவ்வளவு முக்கியமானவை. 70 வயதுக்கு உட்பட்ட 529 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்து 2019இல் வெளியான ஆய்வில், மூன்றாண்டு கழித்து நோய் முற்றாமல் உயிரோடு இருந்தவர்கள் இப்ரூட்டினிப்–ரிட்டுக்சிமாப் பிரிவில் 89.4 சதவீதம், ஃப்ளுடாராபின், சைக்ளோபாஸ்பமைடு, ரிட்டுக்சிமாப் மூன்றும் பெற்ற பிரிவில் 72.9. உயிர்பிழைத்திருந்தோர் 98.8க்கு 91.5. ஆனால் 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களிடம் நடந்து 2018இல் வந்த ஆய்வில், இப்ரூட்டினிப்பால் நோய் கட்டுப்பட்டிருந்த காலம் கூடியதே தவிர ஆயுளில் வித்தியாசம் தெரியவில்லை.

இதே கையேட்டில் ‘சிகிச்சையளிக்கப்படாத நோயாளிகள்’ என்று வேறு இருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் கைவிடப்பட்டவர்கள் போல. ‘இதுவரை மருந்து தொடங்காதவர்கள்’ என்றால் ஆயிற்று. சிஎல்எல்லில் தொந்தரவு வரும்வரை மருந்தில்லாமல் கண்காணிப்பதே முறை என்பதால் அப்படிப்பட்டவர்கள் நிறையப் பேர். எல்லாவற்றுக்கும் சிகரம், வெனெட்டோகிளாக்ஸும் ரிட்டுக்சிமாப் போன்ற இன்னொரு எதிர்ப்புப்புரதமான ஒபினுடுசுமாப்பும் சேர்ந்த கூட்டுக்கு ‘நிலையான கால சிகிச்சை’ என்று போட்டிருந்தது. நிலையானது என்றால் தமிழில் என்றைக்கும் இருப்பது. அந்த மருந்தோ 28 நாள் கொண்ட 12 சுற்றோடு நின்றுவிடும். நிறுத்தாமல் விழுங்கிக்கொண்டே இருக்க வேண்டியது இப்ரூட்டினிப். மொழிபெயர்த்தவர் இரண்டையும் தலைகீழாக்கிவிட்டார். ‘ஓராண்டு மருந்து’ என்று எழுதியிருந்தால் செலவுக் கணக்காவது வீட்டில் சரியாகப் போட்டிருப்பார்கள்.