அடையாளம் தெரியாத வாகனம் மோதினால் என்ன செய்வது, எங்கே போவது, என்ன கிடைக்கும்

"அடையாளம் தெரியாத வாகனம் மோதி வாலிபர் பலி" என்று நாளிதழில் நாலு வரிச் செய்தி வராத நாள் இல்லை. இடித்தவன் யாரென்றே தெரியாதபோது யாரிடம் போய் இழப்பீடு கேட்பது என்று அந்த வீட்டார் காரியம் முடிந்ததும் சும்மா இருந்துவிடுகிறார்கள். அப்படி இருக்கத் தேவையில்லை. இடித்த வண்டி கடைசிவரை கிடைக்காமலே போனாலும், இறந்தவரின் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாயும், படுகாயம் பட்டவருக்கு 50 ஆயிரம் ரூபாயும் கொடுக்க மத்திய அரசின் திட்டம் ஒன்று இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 161வது பிரிவின்படி 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. அதற்கு முன்பு இருந்த 1989ஆம் ஆண்டுத் திட்டத்தில் மரணத்துக்கு 25 ஆயிரம், படுகாயத்துக்கு 12,500தான். இன்றைக்கு 2 லட்சமும் ஓர் உயிருக்கு ஈடாகாது, குறைவான தொகைதான் என்பது என் கருத்து. ஆனால் அந்தத் தொகையைக்கூட யாரும் கேட்காமல் விடுவதுதான் இன்னும் பெரிய கொடுமை.

எவ்வளவு பேர் கேட்காமல் விடுகிறார்கள் என்பதற்குக் கணக்கே இருக்கிறது. 2022இல் நாடு முழுக்க இப்படி மோதிவிட்டுத் தப்பிய விபத்துகள் 67,387. 2022-23 நிதியாண்டில் இந்தத் திட்டத்தில் வந்த விண்ணப்பங்கள் 205, அதில் பணம் கொடுத்து முடித்தவை 95. இந்தக் கணக்கு உச்ச நீதிமன்றத்தின் முன்னால் வந்தது, வரக் காரணமாக இருந்தது ஒரு கோவைக்காரர். கங்கா மருத்துவமனையின் எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் சாலைப் பாதுகாப்புக்காக 2012இல் போட்ட பொதுநல வழக்கில்தான் 2024 ஜனவரி 12 அன்று உச்ச நீதிமன்றம் இந்தத் திட்டம் பற்றிச் சில கட்டளைகளைப் போட்டது. அவை நமக்கு ரொம்பவே உதவும், கீழே சொல்கிறேன்.

முதலில் விபத்து நடந்த இடம். 108க்கும் 100 அல்லது 112க்கும் போன் போட்டுவிடுங்கள். ஓடுகிற வண்டியைத் துரத்திக்கொண்டு போகாதீர்கள், அடிபட்டவர் பக்கத்தில் ஆள் இருப்பதுதான் முக்கியம். நம்பர் முழுசாகத் தெரியாவிட்டாலும் கடைசி இரண்டு எண், வண்டியின் நிறம், லாரியா காரா, எந்தத் திசையில் போனது என்று பார்த்தவர்கள் சொல்வதை உடனே போனில் பதிந்துகொள்ளுங்கள். உடைந்து கிடக்கிற ஹெட்லைட் கண்ணாடி, பம்பர் துண்டு, பெயிண்ட் உரசல் எதையும் தொடாமல் போட்டோ எடுங்கள். வண்டியைக் கண்டுபிடிக்கப் போலீஸுக்குப் பல சமயம் அந்தத் துண்டுதான் துப்பு. உதவிக்கு வந்தவர் "கேஸு கோர்ட்டுன்னு அலையணுமே" என்று தயங்கினால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு அவரைப் பாதுகாக்கிறது, பெயர் சொல்ல அவரைக் கட்டாயப்படுத்த முடியாது என்று சொல்லுங்கள்.

அடுத்து ஆஸ்பத்திரி. தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்து நடந்தால் "இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48" திட்டத்தில் முதல் 48 மணி நேர சிகிச்சைக்குக் காசு கட்ட வேண்டாம். 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கியபோது வரம்பு 1 லட்சம், பிறகு 2 லட்சமாக ஆக்கினார்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இல்லாவிட்டாலும் சரி, வெளி மாநிலத்துக்காரராக இருந்தாலும் சரி, உண்டு. திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் செல்லும். மத்திய அரசும் 2025 மே மாதம் ஒரு திட்டம் கொண்டுவந்தது, விபத்து நாளிலிருந்து 7 நாள் வரை ஒன்றரை லட்சம் ரூபாய்க்குக் கட்டணமில்லா சிகிச்சை. அட்மிஷன் கவுண்டரிலேயே இந்த இரண்டையும் சொல்லிக் கேளுங்கள், கேட்காமல் முன்பணம் கட்டிவிடாதீர்கள்.

ஆஸ்பத்திரியில் இன்னொரு விஷயம் இருக்கிறது, பின்னால் முழு வழக்கும் அதில்தான் நிற்கும். அடிபட்டவரைக் கொண்டுபோனதும் டியூட்டி டாக்டர் விபத்துப் பதிவேட்டில் எப்படி அடிபட்டது என்று எழுதுவார். அதைத்தான் ஏ.ஆர். காப்பி என்கிறோம். போலீஸ் தொந்தரவு வேண்டாம், சீக்கிரம் சிகிச்சை ஆரம்பிக்கட்டும் என்று பதற்றத்தில் கூட வந்தவர்கள் "வண்டியிலிருந்து தானா விழுந்துட்டார்" என்று சொல்லிவிடுகிறார்கள். அதுதான் அங்கே பதிவாகும். அப்புறம் மூன்று நாள் கழித்துக் கார் மோதியது என்று புகார் கொடுத்தால், அந்த ஒரு வரியைக் காட்டியே அதிகாரி விண்ணப்பத்தைச் சந்தேகப்படுவார், இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீலோ அதைப் பிடித்துக்கொண்டு விடவே மாட்டார். அதனால் நடந்ததை நடந்தபடி, "அடையாளம் தெரியாத வாகனம் மோதிவிட்டு நிற்காமல் போய்விட்டது" என்று, எந்த இடம் எத்தனை மணி என்பதோடு சொல்லி எழுத வையுங்கள். ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினால் அங்கேயும் இதே விவரம்தான் எழுதப்படுகிறதா என்று பாருங்கள்.

போலீஸ் ஸ்டேஷனில் புகார் வந்தது என்று மட்டும் தருகிற சி.எஸ்.ஆர். ரசீதோடு திரும்பிவிடாதீர்கள், எஃப்.ஐ.ஆர். வேண்டும். வண்டி நம்பர் தெரியாது என்பது எஃப்.ஐ.ஆர். போடாததற்குக் காரணமே ஆகாது. எங்கள் எல்லை இல்லை என்பதும் இப்போது காரணம் ஆகாது, எந்த ஸ்டேஷனிலும் பதிந்து உரிய ஸ்டேஷனுக்கு மாற்ற வேண்டும் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமே சொல்கிறது. புகார் கொடுத்தவருக்கு நகல் இலவசம். மறுத்தால் அதே புகாரை மாவட்ட எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், அதுவும் பலிக்காவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். இதில் சிசிடிவிக்கு மட்டும் அவசரம் காட்ட வேண்டும். பெட்ரோல் பங்க், டீக்கடை, டோல்கேட் என்று வழியில் இருக்கிற கேமராக்களில் பழைய பதிவுகள் சில நாளிலோ சில வாரத்திலோ தானாக அழிந்துவிடும். எந்தெந்த இடத்தில் கேமரா இருக்கிறது என்று நீங்களே நடந்து பார்த்து, பட்டியல் எழுதி, அந்தப் பதிவுகளைக் கைப்பற்றச் சொல்லி வழக்கை விசாரிக்கும் போலீஸ் அதிகாரியிடம் மனுவாகக் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். வாயால் சொன்னது போதாது.

இப்போது உச்ச நீதிமன்றம் சொன்னது. வழக்குப் பதிந்து ஒரு மாதம் ஆகியும் வண்டி விவரம் கிடைக்கவில்லை என்றால், இப்படி ஒரு இழப்பீட்டுத் திட்டம் இருக்கிறது என்று அடிபட்டவருக்கோ இறந்தவரின் வாரிசுகளுக்கோ அந்த ஸ்டேஷன் அதிகாரி எழுத்தில் தெரிவிக்க வேண்டும். யாரிடம் விண்ணப்பிக்க வேண்டும் என்ற தொடர்பு விவரமும் அதில் இருக்க வேண்டும். விபத்து அறிக்கையைப் போலீஸே இழப்பீட்டு விசாரணை அதிகாரிக்கு (கிளெய்ம் என்கொயரி ஆபீசர், அதாவது விபத்து நடந்த பகுதியின் தாசில்தார் அல்லது கோட்டாட்சியர்) அனுப்பவும் வேண்டும். அறிக்கை போய் ஒரு மாதத்தில் குடும்பத்திலிருந்து விண்ணப்பம் வராவிட்டால், அந்த அதிகாரி மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குச் சொல்லி, அவர்கள் குடும்பத்தைத் தேடி வந்து உதவ வேண்டும். இது நடக்கிறதா என்று பார்க்க மாவட்டத்துக்கு ஒரு கண்காணிப்புக் குழுவும் உண்டு. ஆக, தெரிவிக்க வேண்டியது அவர்கள் கடமை. உங்களுக்கு அந்தக் கடிதம் வரவில்லை என்றால் ஸ்டேஷனுக்குப் போய், 2024 ஜனவரி 12 உத்தரவைச் சொல்லிக் கேளுங்கள். பெரும்பாலும் அந்தத் தேதியைச் சொன்னாலே பேச்சின் தொனி மாறும்.

விண்ணப்பம் கொடுக்க வேண்டிய இடம் விஷயத்தில் பலர் தடுமாறுகிறார்கள். உங்கள் சொந்த ஊர் தாலுகா இல்லை, விபத்து நடந்த இடத்தின் தாசில்தார் அல்லது கோட்டாட்சியர் அலுவலகம். தென்காசிக்காரர் சென்னைக்குப் போகும் வழியில் உளுந்தூர்பேட்டை பக்கம் அடிபட்டால் உளுந்தூர்பேட்டையில்தான் கொடுக்க வேண்டும். வக்கீல் தேவையில்லை, கட்டணம் இல்லை. படிவம் 1ஐ நிரப்பி, எஃப்.ஐ.ஆர். நகல், இறந்திருந்தால் பிரேதப் பரிசோதனை அறிக்கையும் இறப்புச் சான்றும், காயம் என்றால் காயச் சான்று, பாதிக்கப்பட்டவர், விண்ணப்பிப்பவர் இருவருடைய அடையாள, முகவரி ஆவணங்கள், பேங்க் பாஸ்புக் நகல், ஆஸ்பத்திரி கட்டணமில்லா சிகிச்சைக்குப் பணம் கோரியிருந்தால் அந்தத் தாள், இவற்றோடு படிவம் 4 என்ற உறுதிமொழியும் வைக்க வேண்டும். வாரிசு யார் என்ற கேள்வி கட்டாயம் வரும் என்பதால் வாரிசுச் சான்றுக்கு முன்கூட்டியே உங்கள் ஊர் தாலுகாவில் போட்டுவிடுவது நல்லது, அதற்குத்தான் நாள் பிடிக்கும். அலுவலகத்தில் திட்டத்தின் முழுப் பெயரைச் சொல்லி விழிக்க வைக்காமல் "ஹிட் அண்ட் ரன் இழப்பீடு, கிளெய்ம் என்கொயரி ஆபீசரைப் பார்க்கணும்" என்று கேளுங்கள், அந்தப் பெயர்தான் அங்கே புழங்குகிறது.

படுகாயம் என்பதற்குச் சட்டத்தில் வரையறை இருக்கிறது. எலும்பு முறிவு, மூட்டு நழுவல், பல் உடைதல், பார்வை அல்லது கேட்கும் திறன் நிரந்தரமாகப் போதல் எல்லாம் இதில் அடங்கும். எலும்பு முறியாவிட்டாலும் 15 நாள் கடும் வலியோடு கிடந்தாலோ, அன்றாட வேலையைப் பார்க்க முடியாமல் போனாலோ அதுவும் படுகாயம்தான். பழைய தண்டனைச் சட்டத்தில் இது 20 நாளாக இருந்தது, புதிய நியாய சன்ஹிதாவில் 15 ஆகிவிட்டது. டாக்டர் காயச் சான்றில் சாதாரண காயம் என்று எழுதிவிட்டால் 50 ஆயிரமும் போச்சு, அதனால் ஸ்கேன், எக்ஸ்ரே, டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாவற்றையும் அவருக்குக் காட்டிச் சான்று வாங்குங்கள்.

விண்ணப்பம் வந்த ஒரு மாதத்தில் இழப்பீட்டு விசாரணை அதிகாரி அறிக்கையைக் கலெக்டருக்கு அனுப்ப வேண்டும், கலெக்டர் 15 நாளில் உத்தரவு போட வேண்டும், அதன்பின் 15 நாளில் பொதுக் காப்பீட்டு கவுன்சில் நேராக வங்கிக் கணக்கில் பணம் போட வேண்டும். எல்லாம் சேர்த்து இரண்டு மாதம். தாலுகாவில் ஃபைல் நகரவே இல்லை என்றால் திங்கள்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் நடக்கிற மக்கள் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுங்கள். இந்தத் திட்டத்தில் பணம் வழங்க உத்தரவிடும் ஆணையரே கலெக்டர்தான், அதனால் சரியான ஆளிடம்தான் கொடுக்கிறீர்கள். அலைய ஆள் இல்லாத வீடு என்றால் 15100க்கு அழைத்தால் இலவச சட்ட உதவி கிடைக்கும்.

நடுவில் வண்டி கிடைத்துவிட்டால் பாதை மாறும். அப்போது மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் வழக்குப் போட வேண்டும், அங்கே வருமானம், வயது, குடும்பத்தை வைத்துக் கணக்குப் போடுவதால் தொகை பல மடங்கு அதிகம் வரலாம். யார் தப்பு என்று நிரூபிக்காமலே 164வது பிரிவில் மரணத்துக்கு 5 லட்சம், படுகாயத்துக்கு இரண்டரை லட்சம் கேட்கவும் வழி உண்டு. இந்த வழக்கை நீங்கள் வசிக்கிற ஊரிலேயே போடலாம். சட்டத்தில் 6 மாதக் கெடு இருப்பதால் அதற்குள் போட்டுவிடுங்கள். முன்பே வாங்கிய 2 லட்சத்தை அப்போது கிடைக்கிற இழப்பீட்டிலிருந்து திருப்பிக் கொடுக்க வேண்டும், படிவம் 4இல் உறுதி கொடுப்பது அதைத்தான்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரி வாசலிலும் ஸ்டேஷன் வாசலிலும் சில தரகர்கள் வருவார்கள். "வண்டி ஒண்ணு செட் பண்ணித் தர்றேன், இன்சூரன்ஸ் இருக்கு, இருபது லட்சம் வாங்கலாம்" என்பார்கள். துக்கத்தில் இருக்கிற வீடு இதற்குத் தலையாட்டிவிடும். பொய் வண்டி காட்டுவது மோசடி, பிடிபட்டால் தரகர் காணாமல் போவார், கையெழுத்துப் போட்ட விதவையும் பிள்ளையும் குற்றவாளி ஆவார்கள். அதோடு உண்மையாகக் கிடைக்க வேண்டிய 2 லட்சமும் கிடைக்காது, இடித்தவனைத் தேடுவதும் நின்றுவிடும்.

நேர்மையாகவே பெரிய தொகை கிடைக்கிற வழி வேறு இருக்கிறது, அதை யாரும் பார்ப்பதில்லை. அடிபட்டவர் தன் பெயரில் உள்ள பைக்கையோ காரையோ தானே ஓட்டிக்கொண்டிருந்தாரா, லைசென்ஸ் இருந்ததா? அப்படியென்றால் அவருடைய வண்டி இன்சூரன்ஸ் காகிதத்தை எடுத்து, உரிமையாளர்-ஓட்டுநர் தனிநபர் விபத்துக் காப்பீடு என்ற வரி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் மரணத்துக்கு 15 லட்சம், ஒரு கையோ காலோ கண்ணோ போயிருந்தால் அதில் பாதி. இடித்த வண்டி யாருடையது என்ற கேள்வியே இதில் வராது. பின்னால் உட்கார்ந்திருந்தவருக்கு இது பொருந்தாது. வண்டியின் சேதத்துக்கு, முழு காப்பீடு இருந்தால் உங்கள் கம்பெனியிடமே கேட்கலாம், வெறும் தேர்ட் பார்ட்டி என்றால் எதுவும் வராது. அமைப்புசாராத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்தவராக இருந்தால் அங்கே விபத்து மரண உதவித்தொகை தனியாக உண்டு.

கடைசியாக இறந்தவரின் பேங்க் பாஸ்புக்கை எடுத்து, மே கடைசியிலோ ஜூன் தொடக்கத்திலோ 20 ரூபாய் பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். பிடித்திருந்தால் அது பிரதமர் சுரக்ஷா பீமா திட்டம், 18 முதல் 70 வயதுக்காரர்களுக்கானது, விபத்து மரணத்துக்கு 2 லட்சம். அந்தக் கிளைக்கே போய் கிளெய்ம் படிவம் கேளுங்கள், எஃப்.ஐ.ஆர்., பிரேதப் பரிசோதனை அறிக்கை, இறப்புச் சான்று இவைதான் அங்கேயும் வேண்டும், எனவே எல்லாவற்றிலும் கூடுதலாக இரண்டு மூன்று நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், தாமதிக்காமல் முதல் மாதத்திலேயே கொடுத்துவிடுங்கள்.